உரிக்க முடியாத பச்சை ஸ்டிக்கர்

ரைட்டு அண்ணனின் வலது மணிக்கட்டை உடைத்தது மளிகைக்கடை ஷட்டரை இழுக்கும் இரும்புக் கம்பி. பட்டப்பகலில், நடுத்தெருவில், மளிகைக்காரர் அதை இரண்டு கையாலும் ஓங்கினார். எலும்பு முறிந்த சத்தம் எதிரே என் தையல் கடை வாசலில் நின்ற எனக்கே கேட்டது. அடித்தவரும் அடிபட்டவரும் இருபது வருடமாக ஒருவரை ஒருவர் "மாப்ளே" என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள்.

அண்ணன் பஸ் கண்டக்டர். எதற்கெடுத்தாலும் "ரைட்டு" என்பார். மனைவி பிரசவ வலியில் கத்தியபோதுகூட "ரைட்டு, போலாம்" என்றாராம். அண்ணி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. கொடுத்த டிக்கெட் இறங்கும் வரை கையில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு வேதம். செக்கிங் என்ற சொல்லைக் கேட்டால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார்.

தொற்று வந்தது, பஸ் நின்றது. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் தெருவில் ஐந்து பேரைச் சேர்த்து ஒரு உதவிக் குழு தொடங்கினார். ஐவரில் நானும் ஒருத்தி. நோய் கண்ட வீடுகளுக்கு அரிசியும் மாத்திரையும் கொண்டுபோனோம். பிறகு அரிசி போதவில்லை, மூச்சே தேவைப்பட்டது. சின்னக் குழுக்களுக்கு ஓர் அறக்கட்டளை நிதி தருகிறது என்று கேள்விப்பட்டு, இருபத்திரண்டு பக்க விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ஊசியும் நூலுமாக நின்றிருக்கலாம், விதி யாரை விட்டது?

முதல் தவணையில் நான்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தன. அதில் ஒன்று லேத்துப் பட்டறைக்காரரின் மனைவிக்குப் போனது. அது இல்லாவிட்டால் அவள் இல்லை. இரண்டாம் தவணையில் இன்னும் எட்டு வர வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை: உதவி பெற்ற வீட்டுக் கதவில் அறக்கட்டளையின் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிப் படம் அனுப்ப வேண்டும்.

அப்படி உதவி பெற்ற பதினொரு வீட்டிலும் அண்ணனே ஒட்டினார். ஓரம் லேசாகக் கிளம்பியதும் செருப்புக் கடையில் பசை வாங்கி வந்து தடவி, கட்டை விரலால் அழுத்து அழுத்து என்று அழுத்தினார்.

"எதுக்குண்ணே இவ்வளவு பசை?"

"நாளைக்கு செக்கிங் வந்து, எங்கடா ஸ்டிக்கர்னு கேட்டா என்னம்மா சொல்றது?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரே வாரத்தில் தெரு அந்தப் பச்சையைப் படிக்கக் கற்றுக்கொண்டது. பச்சை என்றால் நோய். முதல் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. நான்காம் வீட்டு நாயை அடித்துக் கொன்று வாசலிலேயே போட்டார்கள். பச்சை ஒட்டிய வீட்டிலிருந்து மருந்து வாங்க இறங்கிய ஒருவர் மேல், எதிர் மாடியிலிருந்து கொதிக்கும் தண்ணீரைக் கொட்டினார்கள். அவர் தோல் உரிந்து துடித்தபோது சிரித்தவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். அவர்களுக்கு ரவிக்கை, சட்டை தைத்துக் கொடுத்தவள் நான்.

"பிச்சிரலாம்ணே" என்றேன்.

"பிச்சா அடுத்த சிலிண்டர் வராது. லேத்துக்காரர் சம்சாரத்துக்கு இருக்கறது நாலு நாளைக்குத்தான் வரும். ரெண்டு நாள் பொறு."

அந்த இரண்டு நாளில் மளிகைக்காரரின் தம்பி நோயில் செத்துப்போனான். எரித்துவிட்டுத் திரும்பியவரின் கண்ணில் பச்சை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அவர் ஆள் திரட்டிக்கொண்டு வருகிறார் என்று கேட்டதும் அண்ணன் பிளேடை எடுத்துக்கொண்டு ஓடினார். பத்துக் கதவைச் சுரண்டிவிட்டார். பதினொன்றாவது லேத்துக்காரர் கதவு. பாதி வந்தது, மீதி வரவில்லை. பசை அப்படி! அதற்குள் முப்பது பேர் வந்துவிட்டார்கள்.

அண்ணன் வாசலை மறித்துக் கையை விரித்தார். "மாப்ளே, வேணாம். உள்ள உசுரு ஒண்ணு படுத்திருக்கு."

"என் தம்பி உசுரு இல்லையாடா?" என்று கேட்டுக்கொண்டேதான் மளிகைக்காரர் கம்பியை இறக்கினார்.

விழுந்த அண்ணனை விலாவில் மிதித்தார்கள். அவர் இடது கையால் ஒருவன் காலைப் பிடித்துக் கடித்தார், விடவில்லை. அவர் மேலேயே ஏறி உள்ளே போனார்கள். லேத்துக்காரர் ஸ்பேனரால் ஒருவன் நெற்றியைப் பிளந்தார். ரத்தம் சுவரில் தெறித்தது. ஆனால் முப்பது பேருக்கு ஒருவர் என்ன செய்ய முடியும்? நோயே அதற்குள்தான் குடியிருக்கிறது என்பதுபோல சிலிண்டரை வெளியே இழுத்து, தெருவில் உருட்டி உதைத்தார்கள். குழாயோடு முகமூடியும் புழுதியில் இழுபட்டு வந்தது. அவர்கள் கூச்சல் அடங்குவதற்குள் உள்ளே அவள் மூச்சு அடங்கிவிட்டது.

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

போலீஸ் மளிகைக்காரரையும் ஏழு பேரையும் கொண்டுபோனது. ஒன்பதாம் நாள் அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். படங்களெல்லாம் நன்றாக வந்திருக்கின்றன, இரண்டாம் தவணை வருகிறது என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கட்டுப்போட்ட கையோடு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கத்தினேன். "உங்க ஸ்டிக்கராலதாம்மா இங்க ஒரு பொம்பளை செத்தா!"

முழுக்கதையும் கேட்டபின் அவள் சொன்னாள். "அக்கா, படம் எடுத்ததும் எல்லாரும் உரிச்சிடுவாங்களே. அப்படியே விட்டு வைக்கணும்னு நாங்க சொல்லலையேக்கா."

அறக்கட்டளை அனுப்பிய நிபந்தனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். 'ஒட்டிய நிலையில் ஒரு படம்.' அவ்வளவுதான். மீதியெல்லாம் நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

அண்ணன் எழுந்து நேராக லேத்துக்காரர் வீட்டுக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். போனில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். லேத்துக்காரர் அண்ணன் முகத்தில் ஓங்கிக் குத்தினார். இரண்டு பல் கீழே விழுந்தது. மறுபடி குத்தினார். அண்ணன் நல்ல கையைக்கூடத் தூக்கவில்லை. குத்தியவருக்குத்தான் கை சோர்ந்தது.

ரத்தத்தைத் துப்பிவிட்டு அண்ணன் இடது கையால் பிளேடை எடுத்துக் கதவைச் சுரண்டப் போனார். லேத்துக்காரர் அந்தக் கையைப் பிடித்தார்.

"தொடாதீங்க. அது அங்கயே இருக்கட்டும். சிலிண்டர் தள்ளிட்டு இந்தப் பக்கம் போறப்பல்லாம் பாத்துட்டுப் போங்க."

எட்டு சிலிண்டரும் வந்தன. பலர் பிழைத்தார்கள். எங்கள் தெருவுக்கு வழி ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் அந்தக் கதவு முன்னால் அண்ணன் தள்ளுவண்டியை நிறுத்திவிடுகிறார். பாதி ஸ்டிக்கரையே பார்த்தபடி நிற்கிறார். முன்பெல்லாம் வண்டி கிளம்ப "ரைட்டு" என்பவர் அவர். இப்போது நான்தான் மெதுவாக, "போலாம்ணே, அங்க மூச்சுக்குக் காத்திருக்காங்க" என்று சொல்கிறேன்.