என் மூச்சைப் பற்றிய சாட்சி

செப்டம்பர் மாதம் இரண்டாம் ஞாயிறு வந்தால் என் அம்மா சபையில் எழுந்து நின்று, நான் சாகாமல் பிழைத்த கதையைச் சொல்வாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இழுப்பு வந்து, உதடு நீலம் பாரித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர். வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த ஒரு பெண் என் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். வண்டி வந்தபோது நான் எழுந்து உட்கார்ந்து பன் கேட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல அம்மாவுக்கு முதல் வருஷம் இரண்டு நிமிஷம் ஆனது. போகப்போகக் கால் மணி நேரமானது. டாக்டர் கையை விரித்துவிட்டார் என்பது எந்த வருஷமோ உள்ளே வந்து சேர்ந்துகொண்டது. பன் மட்டும் எல்லா வருஷமும் உண்டு. பன்னுக்கு வரும்போது அம்மா அழுவாள், சபையும் அழும்.

அம்மாவின் பெயர் கொளஞ்சியம்மாள். ஜெபித்த அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு போய், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட அந்தச் சபையில் சேர்ந்தாள். ஞானஸ்நானம் கொடுத்தபோது எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். சபையில் எஸ்தரம்மா, வேலை பார்க்கும் தொழிற்பேட்டையில் கொளஞ்சி. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். அப்பா சாமிதுரை கடைசிவரை சபைக்கு வரவில்லை, அம்மாவைத் தடுக்கவும் இல்லை. எனக்குப் பதினாறு வயதானபோது இறந்துபோனார்.

கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்திருந்த அம்மா, வேதத்தை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்துக் கற்றாள். நான்காம் வகுப்பில் இருந்த நான் சொல்லிக்கொடுத்தேன். இன்றும் மளிகைக்கடை போர்டைக்கூட வசனம் வாசிக்கிற ராகத்தில்தான் வாசிப்பாள். விடியுமுன் எழுந்து முழங்கால் போட்டு ஜெபிப்பாள். வெள்ளிக்கிழமைகளில் மாலைவரை பச்சைத் தண்ணீர் மட்டும். சபையில் பதினான்கு வருஷம் பெண்கள் ஜெபத்தை நடத்தியவள் அவள்தான்.

மற்ற நேரமெல்லாம் பீங்கான் பட்டறை. முப்பத்தொரு வருஷமாக அங்கே பினிஷிங் வேலை செய்கிறாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையிலும் பியூஸ் கட்டையிலும், அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைப் பிளேடால் சுரண்டி ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். விரிசல் கண்ட உருப்படியை ஈரம் தடவி மூடி அனுப்புகிறவர்கள் உண்டு. அம்மா தனியே எடுத்து வைத்து, "இது என் கையில போனது" என்று முதலாளியிடமே சொல்வாள்.

நான் அதே பட்டறையில் அச்சு செய்கிறேன். பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கரைத்து, மாதிரி உருவத்தின்மேல் ஊற்றி, இறுகியதும் இரண்டாகப் பிரித்து, உட்புறத்தைச் செதுக்கிச் சரிசெய்ய வேண்டும். யாரும் கற்றுத் தரவில்லை. ஒதுக்கிப் போட்ட பழைய அச்சுகளை உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

இருபத்தெட்டு வயதில் இழுப்பு திரும்பி வந்தது. ஒரு மார்ச் மாத மதியம், பிளாஸ்டர் மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன். மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விட முடியவில்லை. பொம்மைக்குப் பளபளப்புப் பூசும் கிளேஸ் பகுதியில் வேலை செய்யும் அம்புஜவல்லி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கம்மாவக் கூப்புடட்டா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஏண்டி, சாவப் போறியா? வாயத் தொறந்து சொல்லு!"

வாயைத் திறக்க முடிந்தால்தானே சொல்ல. அவளே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள். வாயில் வைத்து அழுத்தி மருந்தை இழுக்கிற பம்ப் எழுதிக்கொடுத்தார் டாக்டர். "தூசி இல்லாத வேலைக்கு மாறிக்கோ" என்றார். விருத்தாசலத்தில் அச்சு வேலை தெரிந்தவளுக்குத் தூசி இல்லாத வேலை எது என்று அவர் சொல்லவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் நின்று யாரோ ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எம் பொண்ணப் பாரு, நாளு முச்சூடும் மாவுலயே கெடக்குறா. ஒரு தும்மல் உண்டா?" நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன். மறுநாளும் சொல்லவில்லை. செப்டம்பர் வந்தது. அம்மா எழுந்தாள், பாஸ்டர் என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார், நின்றேன். நின்ற பிறகு சொல்வதற்கு வழி இல்லாமல் போயிற்று. நான் வாயைத் திறந்தால் அம்மா சபை நடுவே பொய் சொன்னவளாகிவிடுவாள்.

இப்படியே எட்டு வருஷம். ஒதுக்கிப் போட்ட ஒரு பொம்மை அச்சின் உள்ளே பம்ப்பை வைத்து, சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டி பட்டறை அலமாரியின் அடித்தட்டில் போட்டிருந்தேன். மறுநாள் லீவு என்பதால் சனிக்கிழமை மட்டும் டிபன் பைக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். எங்கள் வீடு ஒரே அறை. நெஞ்சு இறுகத் தொடங்கினால், "தண்ணி புடிச்சிட்டு வரேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், பம்ப் இல்லாத நாளிலும் மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்திருப்பேன். ஒரு குடம் பிடிக்க அரை மணி நேரம் ஆகிறதே என்று அம்மா கேட்டதில்லை. "கொழாய்ல தண்ணி வர லட்சணம் அப்பிடி" என்று நகராட்சியைத்தான் திட்டுவாள். சபையில் பாட்டுப் பாடும்போது அம்மா பக்கத்தில் நின்று தொண்டை கிழியப் பாடுவாள். என் வாய் மட்டும் அசையும்.

பெண்ணாடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சர்க்கரை ஆலையில் வேலை, நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரே அறையில் படுக்கிற மனிதரிடம் இதை எப்படி மறைப்பது? அவருக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரிய எத்தனை நாளாகும்? காரணம் புரியாத அம்மா அதற்காகவும் உபவாசம் இருந்தாள்.

போன வருஷம் செப்டம்பர் முதல் சனிக்கிழமை, பட்டறை அரை நாள். நாங்கள் சாப்பிட்டு முடித்த நேரம், வாசலில் ஒரு பெண் ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"எஸ்தரம்மா வூடு இதானுங்களா?"

"இதான், உள்ள வாம்மா. வெயில்ல நிக்காத."

அவள் பெயர் மதிவதனி, ஊர் சேத்தியாத்தோப்பு. பிள்ளையின் பெயர் மோகனப்பிரியா. உட்கார்ந்ததும் மதிவதனி தொடங்கிவிட்டாள்.

"போன வருசம் ஒங்க சாட்சியக் கேட்டேங்க. எம் புள்ளைக்கும் இதே வீசிங்தான். இந்த வருசம் நானும் அதே நாள்ல எழுந்து நின்னு சொல்லணும்னு கர்த்தருகிட்ட பொருத்தன பண்ணிகிட்டேங்க. பத்து நாளாச்சி, பம்ப நிறுத்திட்டேன். தூக்கியே போட்டுட்டேன். ஒங்க கைய வச்சி ஒரு ஜெபம் பண்ணிடுங்க."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பிள்ளையை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டு, தலையில் கைவைத்துக் கண்ணை மூடினாள்.

நான் பிள்ளையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. பேசாமல், எதையும் பார்க்காமல், அடுத்த மூச்சு ஒன்றிலேயே கவனமாக இருந்தது அந்தப் பிள்ளை. அது எப்படி இருக்கும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

டிபன் பையைக் கவிழ்த்து, பம்ப்பை எடுத்து மதிவதனியின் கையில் வைத்தேன்.

"தப்பு பண்ணிட்டீங்கக்கா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

அம்மா கண்ணைத் திறந்தாள். "இன்னாது அது? யாருது?"

"என்னுதும்மா."

"எப்பலேந்து?"

"எட்டு வருசமா."

அம்மாவின் கை பிள்ளையின் தலையிலேயே இருந்தது. என் முகத்தை, பம்ப்பை, மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளை மூச்சு விடும் சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.

"நின்னுகிட்டு இருக்குறியே, ஆட்டோவக் கூப்புடுடி."

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு முகமூடி மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் தோள் இறங்கியது. நாங்கள் இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா சிகிச்சை அறைக் கதவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பட்டறையில யாருக்குத் தெரியும்?"

"அம்புஜவல்லிக்கு."

"அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியல." என் பக்கம் திரும்பினாள். "வருசா வருசம் எம் பக்கத்துல எழுந்து நின்னியேடி. அப்ப இன்னா நெனச்சிகிட்டு நிப்ப?"

"சீக்கிரம் முடிக்கணுமேன்னு."

"கால் மணி நேரமாச்சேடி!" என்றாள். சிரிக்கத்தான் தொடங்கினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நெடுநேரம் அப்படியே இருந்தாள்.

அடுத்த வாரம் இரண்டாம் ஞாயிறு. புடவை கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கெஞ்சினேன். "இந்த வருசம் வுட்டுடும்மா. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்."

"யாருக்கு ஒடம்பு சரியில்ல, எனக்கா?"

சபையில் பாஸ்டர் பெயரைச் சொன்னதும் எழுந்தாள். நானும் எழப்போனேன். தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"எம் பொண்ணுக்கு ஒம்பது வயசுல கர்த்தரு சொகம் குடுத்தாரு. அது நெசம். இருவத்தெட்டு வயசுல வீசிங் திரும்பி வந்துட்டுது. அதுவும் நெசம். எனக்குத் தெரியாது, தெரியாமயே எட்டு வருசமா இங்க நின்னு சொல்லிட்டேன். டாக்டரு கைய விரிச்சாருன்னு சொன்னனே, அவரு அப்பிடிச் சொல்லல. கடலூருக்குப் போங்கன்னுதான் சொன்னாரு. எஞ் சாட்சியக் கேட்டு யாராச்சும் மருந்த நிறுத்தியிருந்தா, இன்னிக்கே போயி வாங்கிக்குங்க."

உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் ஒரு பாட்டைத் தொடங்கிவைத்தார்.

என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மகள் மறைத்த பாவம்தான் நோயைத் திரும்ப அழைத்தது என்றார்கள். எஸ்தரம்மாவுக்கு விசுவாசம் தளர்ந்துவிட்டது என்றார்கள். கொஞ்ச நாளைக்குப் பெண்கள் ஜெபத்தை வேறு ஒருவர் நடத்தட்டும் என்று பாஸ்டர் சொன்னார். "சரிங்கய்யா" என்றாள் அம்மா. இன்றுவரை ஒரு ஞாயிறு தவறியதில்லை. முன்வரிசைப் பாயில் இடம் விட மாட்டேன் என்கிறார்கள், பின்னால் செருப்புகளை ஒட்டி உட்காருகிறாள். பாடும்போது அங்கிருந்தே தொண்டை கிழியப் பாடுகிறாள். மதிவதனி அதற்குப் பிறகு வரவில்லை. பிள்ளை பம்ப் எடுக்கிறாள் என்று போனில் ஒருமுறை சொன்னாள். குரலில் கோபமா நன்றியா என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு நிலமில்லை, நகையில்லை. நாலு பேர் முன்னால் எழுந்து நின்று என்னுடையது என்று சொல்ல அவளுக்கு இருந்தது அந்தச் சாட்சி ஒன்றுதான். முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்காகவும் எனக்காகவும் அதைத் தன் வாயாலேயே திருத்தினாள். இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வராது. சொன்னாலும், "சோத்தத் தின்னுட்டுப் பேசு" என்பாள்.

இப்போது வீட்டில் இழுப்பு வந்தால் நான் குடத்தைத் தூக்குவதில்லை. முதல் தடவை அழுத்தியதும் ஒரு நிமிஷம் விட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு அம்மா ஒரு ஜெபம் வைத்திருக்கிறாள். என் முதுகில் கைவைத்து, அவசரப்படாமல் சொல்லி முடித்து, "ம், அடுத்தது" என்பாள். கடிகாரத்தில் பார்த்தேன், ஐம்பத்தேழு விநாடி.

ஆனால் வேலை அதேதான். சாட்சி சொன்ன மறுநாளே அம்மா முதலாளி மாயவனிடம் போய் நின்றாள்.

"எம் பொண்ணுக்கு வீசிங். அவள கிளேஸுக்கு மாத்துங்க."

"கொளஞ்சி, அச்சுக்கு வேற ஆளுக்கு நான் எங்க போவேன்? ஒம் பொண்ணு அன்பரசி போடுற அச்சு மாதிரி இந்தப் பேட்டையில யாரு போடுறா, நீயே சொல்லு."

"அப்ப பேன் மாட்டுங்க. தூசிய வெளிய இழுக்குற பேன்."

"மாட்டிடலாம், மாட்டிடலாம்."

இப்போது பிப்ரவரி. அச்சு அறைக்கு ஒரு சன்னல், அதுவும் பக்கத்துப் பட்டறைச் சுவரைப் பார்த்தபடி. முகக்கவசம் பதினொரு மணிக்கெல்லாம் நனைந்து மாவு ஒட்டிக் கனத்துவிடும். வேறு பட்டறைக்குப் போகலாம், அங்கும் இதே மாவு. முப்பத்தாறு வயதில் வேறு எந்த வேலையைப் போய் உடைத்துப் பார்த்துக் கற்பது?

அம்மா தினமும் காலையில் தன் இடத்தில் உட்காருவதற்கு முன், எல்லோர் காதிலும் விழும்படி மாயவனிடம் கேட்கிறாள். "எம் பொண்ணுக்கு வீசிங் இருக்குது. பேன் இன்னா ஆச்சிங்க?" போன வாரத்திலிருந்து அவர் நாங்கள் வரும் நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக டீக்கடைக்குப் போய்விடுகிறார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். இன்று காலை பையை என்னிடம் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனாள்.