ஏலே என்னும் பாட்டு

பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்த அன்று நான் புனலூரில் ஒரு பந்தல்காரனோடு கம்பு சுமந்துகொண்டிருந்தேன். அதன் பிறகு திருப்பூர், கொல்லம், மறுபடியும் திருப்பூர், பிறகு கோவா. எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை. கோவாவில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவியபோதுதான் ஹார்டு ராக்கை முதன்முதலில் கேட்டேன். மேடை முன்பக்கம் இருந்தது, கழுவும் தொட்டி பின்பக்கம். நடுச்சுவர் அதிரும், அடுக்கிவைத்த தட்டுகள் தானாக நகரும். பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. பாடுகிறவன் யாரையோ மனம்விட்டுத் திட்டுகிறான் என்பது மட்டும் புரிந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

தென்காசிக்குத் திரும்பியபோது மூன்று பேர் ஒரு பாடகனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிட்டார்காரன் என்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவின் இரும்புக்கடையில் உட்கார்ந்திருந்தான். சர்ச்சில் வாசித்துப் பழகியவன். பேஸ் கிட்டார்காரனுக்குச் சொந்தமாக ஒரு செல்போன் கடை. டிரம்ஸ்காரன் செங்கோட்டையில் ஆட்டோ ஓட்டினான். இரும்புக்கடைக் குடோனில் என்னைப் பாடச் சொன்னார்கள். பாடினேன்.

“இது இங்கிலீஷாலே?” என்றான் கிட்டார்காரன்.

“இல்ல. இங்கிலீஷ் மாதிரி.”

மூவரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். கடைசியில் கிட்டார்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “தொண்டை உன்கிட்ட இருக்கு. மூளையை நான் பாத்துக்கிடுதேன்.” அப்படித்தான் பேண்டில் சேர்ந்தேன்.

முதல் அழைப்பு செல்போன் கடைக்கு வந்தது. பேண்டு இருக்கா என்று கேட்டார்கள். இருக்கு அண்ணாச்சி என்றான் பேஸ்காரன். வீரகேரளம்புதூருக்கு வரணும், சத்தம் நல்லா இருக்கணும் என்றார்கள். சத்தத்துக்குக் குறைவே இருக்காது என்று சொல்லி வைத்தான். நாலு பேரும் கறுப்பு பனியன் போட்டுக்கொண்டு லோடு ஆட்டோவில் போய் இறங்கினோம். வாசலில் பந்தல். உள்ளே சங்கு ஊதினார்கள்.

எங்கள் பக்கம் பேண்டு என்றால் பேண்டு செட். சிவப்புக் கோட்டு போட்டு, டிரம்பெட் ஊதி, கல்யாணத்துக்கோ சாவுக்கோ முன்னால் நடந்து போகிறவர்கள். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எங்கள் நாலு பேருக்கும் அன்று தோன்றவில்லை. எங்கள் நினைப்பெல்லாம் வேறு தேசத்தில் இருந்தது.

இறந்தவர் அரிசி ஆலை முதலாளி. பேரன் பிள்ளைகளைப் பார்த்த வயது. கல்யாணச் சாவு. மூத்த மகன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“டிரம்பெட் எங்கலே?”

“டிரம்பெட் கிடையாது அண்ணாச்சி. நாங்க ஹார்டு ராக்.”

“என்ன எழவு ராக்கோ. தேர் கிளம்பப் போகுது. அடிங்கலே.”

எழவு வீட்டு ஜெனரேட்டரில் வயரைச் சொருகி வாசித்தோம். பெண்கள் அழுகையைக் கூட்டினார்கள். கிட்டார்காரன் சத்தத்தைக் கூட்டினான். என் ‘இங்கிலீஷ் மாதிரி’ பாதியிலேயே தீர்ந்துபோனது. எதிரே நாற்காலியில் இறந்தவரை மாலையோடு உட்கார வைத்திருந்தார்கள். அவரைப் பார்த்து, வாயில் வேறொன்றும் வராமல், மூச்சு முட்டும் வரை கத்தினேன்: “ஏலேஏஏய்!”

அழுகை நின்றது. மூத்த மகன் வந்து என் இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தார். “எங்க அப்பாவை இந்த ஊர்ல எவன்லே ஏலேன்னு கூப்பிட்டிருக்கான்?” பதில் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தது. கம்பு ஊன்றிய ஒரு பெரியவர், இறந்தவரோடு சின்ன வயதில் கோலி விளையாடியவராம். “நான் கூப்பிடுவேம்லே. நான் ஒருத்தன்தான் மிச்சம். எனக்கு இப்பம் தொண்டை வரல. நீ கூப்பிடுலே, இன்னொரு மட்டம் கூப்பிடு.”

மறுபடியும் கத்தினேன். பேரன்மார்கள் பிணத்துக்குப் பதிலாக “என்னலே!” என்று பதில் கொடுத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். எவனோ ஒருவன் நான் அறை வாங்கியதிலிருந்து ஆட்டம் வரைக்கும் செல்போனில் பிடித்துவிட்டான்.

எங்கள் பேண்டு வளர்ந்தது அந்த வீடியோவால்தான். கிட்டார்காரன் அதை ஒரு பாட்டாகக் கட்டினான். நான் ஏலே என்பேன், கூட்டம் என்னலே என்னும். வேறு வார்த்தை கிடையாது. சீசனில் குற்றாலத்து ரிசார்ட்டுகளில் வாசித்தோம். திருநெல்வேலிக் கல்லூரிகளில் கூப்பிட்டார்கள். சிவகிரியில் ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையே மேடையேறி என்னலே என்றார்.

கொஞ்ச நாளில் கூட்டம் அறையையும் கேட்டது. “அடி எங்க, அடி எங்க” என்று கீழேயிருந்து கத்துவார்கள். பேஸ்காரன் மேடையிலேயே என்னை அறைய ஆரம்பித்தான். முதலில் நடிப்பாகத்தான் அறைந்தான். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஒரு கல்லூரியில் முறையிட்டார்கள். அதன் பிறகு நான் மைக்கைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, அவன் நிஜமாகவே அறைந்தான். இடது காதில் ஓயாமல் வண்டு இரைந்தது. நான் சொன்னபோது டிரம்ஸ்காரன், “காது போனா என்னலே, பாடுதது வாய்தான?” என்றான். நானும் சிரித்தேன். அடி எனக்குப் பெரிதில்லை. அதைவிட அதிகமாகச் சும்மாவே வாங்கியிருக்கிறேன். மைக் என் கையில் இருந்தது. என் வாழ்க்கையில் நான் தேடிப் போய், கிடைத்து, கையில் நின்ற பொருள் அது ஒன்றுதான்.

கொச்சியில் ஒரு போட்டிக்குப் போகவேண்டும் என்று கிட்டார்காரன் முடிவு செய்தான். அங்கிருந்தே ஒரு பாடகனைப் பிடித்துவந்தான். முறையாகப் படித்தவன், நிஜமான இங்கிலீஷில் பாடினான். நல்ல பையன். என்னைச் சேட்டா என்று கூப்பிட்டான். அவன் வருவதற்கு முந்தின வாரம், ஒரு பாதுகாப்புக்கு என்று சொல்லி, குடோனில் வைத்து என் ஏலேயை லேப்டாப்பில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். போட்டியில் கிட்டார்காரன் பொத்தானை அமுக்கினான். என் குரல் வந்தது. நான் மேடைக்குப் பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“அப்ப நான் யாருலே?” என்று திரும்பும் ரயிலில் கிட்டார்காரனைக் கேட்டேன்.

“நீ இல்லாம பேண்டாலே? குத்தாலம் வரட்டும். அது உன் கூட்டம். அங்கன அந்தப் பாட்டை நீயே பாடு. மைக்கை நானே உன் கையில தாரேன்.”

அதற்காக இருந்தேன். வயர் சுற்றினேன், ஸ்பீக்கர் தூக்கினேன், வந்த பையனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். எந்த வேலையிலும் அத்தனை மாதம் நான் இருந்ததில்லை. சாயங்காலங்களில் ஐந்தருவிக்குப் போய் அருவி இரைச்சலுக்கு எதிராக நின்று கத்திப் பழகினேன். குளிக்கிறவர்கள் பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள்.

சீசன் வந்தது. சாரல் விழுந்தது. ரிசார்ட் புல்தரையில் மேடை. நான் பழைய கறுப்பு பனியனைத் துவைத்துப் போட்டுக்கொண்டு மேடைப் படியில் நின்றேன். அந்தப் பாட்டின் தாளம் தொடங்கியதும் ஒரு படி ஏறினேன். கிட்டார்காரன் வாசித்துக்கொண்டே ஓரத்துக்கு வந்து குனிந்தான்.

“இறங்குலே. ஸ்பான்சர் வந்திருக்கான். இதுல ரிஸ்க் எடுக்க முடியாது.”

“நீதான சொன்ன?”

“லேப்டாப்புல சுருதி பிசகாது. உனக்கு ஒருநாள் போல ஒருநாள் இருக்காலே?”

பொத்தானை அமுக்கினான். ஸ்பீக்கரிலிருந்து நான் கத்தினேன். கூட்டம் முழுதும் என்னலே என்றது.

நான் இறங்கிக் கூட்டத்துக்குள் போனேன். அடுத்த தடவை ஸ்பீக்கர் கத்தியபோது நானும் சேர்ந்து, அருவிக்கரையில் பழகிய அத்தனை பலத்தோடும் கத்தினேன். பக்கத்தில், தலையில் எண்ணெய் காயாமல், ஈரத் துண்டை முண்டாசு கட்டி நின்ற ஓர் ஆள் எரிச்சலோடு திரும்பினான்.

“சும்மா இரும்வே. ஒரிஜினல் ஓடுதுல்லா, கேக்க விடும். நீரு எதுக்கு நடுவுல நாய் மாதிரி ஊளையிடுதீரு?”

அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் என்னை மாதிரியே ஊளையிட்டுக் காட்டினான். நன்றாகவே செய்தான்.

மறுநாள் காலையில் கிட்டார்காரன் போன் செய்தான். நேற்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதுப் பாட்டு ஒன்று இருக்கிறது, குடோனுக்கு வா என்றான். புதுப் பாட்டு என்றதும் போனேன். ஹெட்போனை மாட்டிவிட்டு மைக் முன்னால் நிறுத்தினான். கொச்சிப் பையன் ஓரமாக உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தான்.

“பாட்டு எங்கலே?” என்றேன்.

“பாட்டு அவன் பாடுதான். எனக்கு உன் ஏலே பல தினுசுல வேணும். கோவமா, சிரிப்பா, கொஞ்சலா. தூரத்துல போறவனைக் கூப்பிடுத மாதிரி ஒண்ணு.”

“யாரைக் கூப்பிடணும்?”

“யாரையும் கூப்பிட வேண்டாம். சும்மா கத்து.”

கத்தினேன். வேறென்ன செய்ய? கோபம் சுலபமாக வந்தது. கொஞ்சல் நாலைந்து தடவை எடுக்க வேண்டியிருந்தது. தூரத்து ஏலேக்கு மைக்கை விட்டுத் தள்ளி, இரும்புக் கம்பிக் கட்டுகளுக்கு நடுவே நிற்கச் சொன்னான். ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டான். ஒன்று சரியில்லை என்று திரும்ப வாங்கினான். கடைசியில் லேப்டாப்பை மூடினான்.

“போதும். இனி எந்தப் பாட்டுக்கும் பஞ்சமில்ல.”

“குத்தாலத்துல அடுத்து என்னைக்கு?” என்றேன். அவன் கிட்டாருக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்திருந்தான். கொச்சிப் பையன் என்னைப் பார்த்தான், பிறகு டம்ளருக்குள் பார்த்தான். நான் வாசலுக்கு நடந்தேன்.

கிட்டார்காரன் என்னைவிட ஒரு வயது இளையவன். பழகிய நாளிலிருந்து ஏலே தவிர வேறு சொல்லால் என்னைக் கூப்பிட்டதில்லை. வாசல்படி தாண்டியபோது பின்னாலிருந்து கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, ஹெட்போன் கழுத்துல கிடக்கு. கழட்டி வச்சிட்டுப் போங்க.”