எந்தப் பூவை விடுவது?

வனிலா வளர்க்கிறவர்களுக்கு வண்டு, தேனீ என்று எந்தத் துணையும் இல்லை. பூ விரிந்த காலையிலேயே நம் கைதான் அதைக் காயாக்க வேண்டும். என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, குலைக்குச் சில பூவை மட்டும் தொட்டு மகரந்தம் சேர்த்துவிட்டு மிச்சத்தை உதிர விடவேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பேராசைப்பட்டால் காயெல்லாம் நீளாமல் கட்டையாகிவிடும்.

பின்னறைப் பாடம்

கண்டிப் பக்கத்து அம்பிட்டியவில் எங்கள் கொடி முதன்முதலாகப் பூத்த வாரம், தமிழர் வீடுகளைத் தேடிக் கலவரம் வந்தது. பக்கத்து வீட்டுச் சோமா அக்கா சிங்களவர்; தங்கச்சி என்பதற்கு 'நங்கி' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். என்னையும் என் வீட்டுக்காரரையும் தன் பின்னறையில் ஒளித்துவைத்தார். உயிர்ப்பயம் ஒரு பக்கம் இருக்க, வருடக்கணக்காகக் காத்திருந்த பூ வீணாகப்போகிறதே என்ற வயிற்றெரிச்சல் எனக்கு.

புலம்பல் தாங்காமல் அக்கா ஒரு பூவைப் பறித்து வந்தார். உள்ளேயிருக்கும் மெல்லிய தோலை ஈர்க்கால் தூக்கி, மகரந்தத்தைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினேன். குலைக்குச் சிலது போதும் என்றும் படித்துப் படித்துச் சொன்னேன். நாங்கள் ஒளிந்திருந்த நாளெல்லாம் காலையில் அவர்தான் கொடியடிக்குப் போனார். கடைசி நாள் வந்து சொன்னார்: "எதை விடுறது நங்கி? பாவம், எல்லாத்தையும் தொட்டுட்டேன்."

கம்பளி மூட்டை

காய் முற்றி, வெந்நீர் கண்டு, வெயிலில் காய்ந்து, கம்பளிக்குள் வியர்த்துக் கறுத்தது. கண்டிக்குக் கொண்டுபோனபோது பஸ்ஸை மறித்த சிப்பாய் மூட்டையை அவிழ்க்கச் சொன்னான். கறுத்த குச்சிகளைக் கிளறியவன் விரலை முகர்ந்து பார்த்தான். கழுவினாலும் லேசில் போகாது என்றேன், கொஞ்சம் கர்வமாகவே. அவன் சிரித்துவிட்டான்: "அப்ப இன்னைக்கு என் சோறும் இந்த வாசம்தானா?"

ஹாஜியாரின் விரல்

வாசனைச்சரக்கு வியாபாரி ஹாஜியார் காய்களைப் பார்த்து முகம் சுளித்தார். எல்லாம் கட்டை. இந்த முதல் அறுவடையைத் திருப்பித் தந்துவிடுவாரோ என்று பயந்தேன். எல்லாப் பூவையும் தொட்டது யார் என்று கேட்டார். "எங்க அக்கா" என்றேன், தலை நிமிர்ந்து.

ஒரு காயை விரலில் மோதிரமாகச் சுற்றினார், ஒடியவில்லை. மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: "காய்தான் புள்ள கட்டை, வாசத்துல ஒரு கொறையும் இல்ல. இதை வேற காயோட கலக்க மாட்டேன்."

அடுத்த பூப்பிலும் சோமா அக்கா ஈர்க்கோடு வந்து நின்றார். குலைக்குச் சில பூ போதும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற நான், எல்லாப் பூவும் அவர் கைக்கு எட்டும்படி குலையை வளைத்துக் கொடுத்தேன்.