மனைவி வீட்டில் வசிக்கிறேன்

நோன்புப் பெருநாள் வியாபாரம் முடிந்ததும் கடையை ஒரேயடியாகப் பூட்டப்போவதாகப் புடவைக் கடை முதலாளி சொல்லிவிட்டார். கல்முனைக் கடைத்தெருவில் துணி அளந்து கிழித்தே பழகிய எனக்கு வேறு தொழில் தெரியாது. கதைக்கத் தெரியும், அவ்வளவுதான். பொத்துவில் பக்கம் வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதியொன்றில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

"கதைக்கத்தானே ஆள் வேணும்? நான் போறன்."

"இங்கிலீசில கதைக்கணும்" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து கைத்தொலைபேசியில் பாடம். முதற்பாடம் சாதாரண நிகழ்காலம். நாளாந்தம் செய்வதையும் எப்போதும் உண்மையாக இருப்பதையும் சொல்ல அதுதான் என்றார் காணொளிக்காரர். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி விசாரித்துப் பாருங்கள், நேற்று அவர் என்ன செய்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "அவரா? தேத்தண்ணிக்குச் சீனிய அள்ளிக் கொட்டுற மனிசன்" என்பார்கள். ஆள் யாரென்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே நானும் என் நாளை இங்கிலீசில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எழும்புகிறேன், சுபஹு தொழுகிறேன், தேநீர் குடிக்கிறேன், கடை திறக்கிறேன். மனைவியின் உம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "மருமகன், உங்கட இங்கிலீசக் கேட்டுக் கோழியெல்லாம் முட்டையிட மறந்திட்டு" என்றார்.

மனைவி சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீசு நன்றாகச் செய்தவள். பின்னேரங்களில் வெங்காயம் உரித்தபடி விடுதி மேலாளராக மாறிவிடுவாள்.

"வெயார் டு யூ லிவ்?"

காணொளியில் கேட்டபடியே, "ஐ லிவ் இன் மை ஹவுஸ்" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "ஆர்ட ஊடு?"

"சரி, நம்மட ஊடு."

"நம்மடயா? வாப்பா எனக்குத் தந்த ஊடு. உண்மையா இரிக்கிறதத்தான் இதுல செல்லணும் எண்டு நீங்கதானே படிச்சீங்க?"

"ஓம், அவள் செல்றது சரிதான்" என்று குசினிக்குள்ளிருந்து மாமி குரல் கொடுத்தார்.

எங்கள் கரையோரத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. ஆண் கலியாணம் முடித்து அவள் வீட்டுக்குப் போவான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மனைவியின் வீட்டில் வசிக்கிறேன் என்பதை நாக்குத் தடுமாறாமல் சொல்லப் பழகினேன்.

நேர்முகப் பரீட்சைக்கு விடிகாலை வெள்ளாப்பிலேயே பஸ் ஏறினேன். மேலாளர் கொழும்பிலிருந்து வந்த அம்மணி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர். என் நாளை ஒப்புவித்தேன், தலையாட்டினார். எங்கே வசிக்கிறீர்கள் என்றார், சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"குடும்பத்தில் ஏதும் பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லையென்றேன்.

"உங்கள் தகப்பனார் எங்கே வசிக்கிறார்?"

"என் தாயின் வீட்டில்."

"சகோதரர்?"

"நிந்தவூரில், அவருடைய மனைவியின் வீட்டில்."

"அப்படியானால் உங்கள் குடும்பத்தில் யாருக்குத்தான் வீடு இருக்கிறது?"

"தாய்க்கும் தங்கைக்கும்."

அவர் பேனையை வைத்துவிட்டார். ஒரு பரம்பரையே ஒன்றுமில்லாத ஆண்கள் என்று நினைத்திருப்பார். வேலை போயிற்று என்று எனக்குப் பட்டது. பாடமாக்கிய வசனங்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. ஆனால் நான் வழக்கமாகச் செய்கிற, ஒத்திகை பார்க்காத ஒரு வேலை மிச்சம் இருந்தது.

"நான் ஒரு வீடு கட்டுகிறேன்" என்றேன்.

"உங்களுக்கா?"

"என் மகளுக்கு. கையில் காசு வரும்போது கல் வாங்குகிறேன். அத்திவாரம் இருக்கிறது. சுவர் இடுப்பு உயரம் நிற்கிறது."

"மகளுக்கு எத்தனை வயது?"

"ஆறு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த வீட்டில் யார் இருப்பார்கள்?"

"யாரோ ஒரு பையன். அவனும் உங்களைப் போல ஒருவரிடம் வந்து, மனைவி வீட்டில் வசிக்கிறேன் என்று சொல்வான்."

"உங்கள் மனைவி உங்களை வீட்டை விட்டுத் துரத்தினால்?"

"அவள் துரத்துவதில்லை" என்றேன். "சோறு தருகிறாள். இங்கிலீசு சொல்லித் தருகிறாள்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த காசாளர் வரை எழும்பி வந்து கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே வருகிறவர்கள் கடலுக்குப் போய் வந்த பிறகு இந்த ஊர் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றுதான் கேட்கிறார்கள், அதைச் சொல்ல ஆளில்லை என்றார் அம்மணி. முதலாம் திகதி வரச் சொன்னார்.

பஸ்சுக்கு நிற்கும்போதே மனைவிக்கு அழைத்தேன்.

"கிடைச்சிட்டு."

"அல்ஹம்துலில்லாஹ்! என்ன கேட்டாங்க?"

"முழுக்க உன்ட ஊட்டப் பத்தித்தான்."

அந்தப் பக்கம் அவள் உம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வதும், இருவரும் சிரிப்பதும் கேட்டது.

"இஞ்ச பாருங்க" என்று திரும்பி வந்தாள். "அக்கரைப்பற்றுல பஸ் நிக்கும். இறங்கி, சீமெந்து என்ன விலை போகுதெண்டு கேட்டுட்டு வாங்க."