ஆவூருக்கு ஒரு கோல்

ஞாயிற்றுக்கிழமை காலை 6.40. திருச்சியில் மதுரை பஸ் ஏறி, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தேன். விராலிமலைக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். 6.30-க்கு எடுக்க வேண்டிய வண்டியைப் பத்து நிமிஷம் கழித்து எடுத்த டிரைவரை ஒரு முறை முறைத்தேன். முப்பத்தோரு வருஷம் ஃபுட்பால் ரெஃப்ரியாக இருந்தவனுக்கு நேரம் என்றால் நேரம்தான். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும், கையில் கடிகாரமும் சட்டைப் பையில் விசிலும் இல்லாமல் நான் வாசற்படி தாண்டுவதில்லை. "கறிக்கடைக்குப் போறதுக்கு விசில் எதுக்கு?" என்று என் மனைவி கேட்பாள். கேட்கட்டும்.

போவது ஆவூருக்கு. அங்கே சவரிமுத்து அண்ணனுக்கு இன்று முப்பதாம் நாள் பூசை. நான் அவருக்கு உறவும் இல்லை, அவர் ஊரும் இல்லை. அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்வதற்குள் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சவரிமுத்து அண்ணன் ஒரு நாளும் பந்தை உதைத்தவரில்லை. கடலை விவசாயி. ஒரு பசு மாடு, ஒரு பழைய மொபெட். ஆனால் ஆவூர் டீம் எந்த ஊரில் ஆடினாலும் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். டீம் பதினோரு பேர் சேராமல் தவித்த வருஷங்களிலும் குடை வந்துவிடும். எதிர் டீமை ஒரு வார்த்தை திட்ட மாட்டார். அவர் வாயில் விழுகிறவன் ரெஃப்ரி ஒருத்தன்தான். பெரும்பாலும் அது நான்தான். "யோவ் ரெப்ரி! கண்ணு தெரியலன்னா பெரியாஸ்பத்திரிக்குப் போய்யா!" என்று தொண்டை கிழியக் கத்துவார். ஆட்டம் முடிந்ததும் அதே மனுஷன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்பார். முதல் தடவை எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அந்தக் குரல் இல்லாத ஆட்டம் உப்பில்லாமல் போய்விட்டது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் விராலிமலைப் பக்கம் ஒரு கோடைப் போட்டி. ஆவூர் அதுவரை வராத ஃபைனலுக்கு வந்திருந்தது. ஒன்றுக்கு ஒன்று, கடைசி நிமிஷம். ஃப்ரீ கிக்கில் வந்த பந்து கூட்டத்துக்குள் விழுந்தது. ஆவூரின் ஏழாம் நம்பர் பையன் எகிறி முட்டினான். பந்து வலைக்குள். கோல் என்றால் ரெஃப்ரிக்கு வேலை ரொம்பக் கொஞ்சம். விசிலை ஊதி, நடு மைதானத்தைப் பார்த்துக் கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு லைன்ஸ்மேனைப் பார்த்தேன். என் சிநேகிதன் கருப்பையா கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஆஃப்சைடு. கோல் இல்லை என்று ஊதினேன். பிறகு பெனால்டியில் ஆவூர் தோற்றது.

அதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு போன் வரும். என் பிள்ளைகளை விசாரிப்பார், மழையை விசாரிப்பார், போனை வைக்கப் போகும்போது சொல்வார்: "சார், அது கோலுதான் சார்." நானும் சொல்வேன்: "ரெஃப்ரி ஊதினா ஊதினதுதான். விடுங்கண்ணே." சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்.

பதினைந்து நாளைக்கு முன்னால் கருப்பையா என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தான். தெருவில் ஒரு ஆட்டு மந்தை போயிற்று. அதைப் பார்த்து அவன் தானாகச் சிரித்தான். என்னடா என்றேன். "இனிமே சொன்னா என்ன? அந்த ஃபைனல்ல நான் கொடியத் தூக்குனது ஆஃப்சைடுக்கு இல்லப்பா. கோட்டு மேல ஒரு ஆடு வந்து நின்னுச்சு. அத வெரட்டத் தூக்குனேன். அதுக்குள்ள நீ ஊதிட்ட. ஆட்டுக்குத் தூக்குனேன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அங்கயே மிதிச்சிருப்பாங்க" என்றான். உடனே சவரிமுத்து அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவர் மனைவி ஆரோக்கியமேரி. "அவுக போயி இன்னியோட பதினஞ்சு நாளாச்சு சார். நெஞ்சு வலின்னாக, அம்புட்டுத்தான்" என்றார்.

பதினான்கு வருஷம் காத்திருந்த மனுஷனைப் பதினைந்து நாளில் தவறவிட்டேன். பாவி நான் ஒரு ஆட்டுக்கு விசில் ஊதியிருக்கிறேன்.

7.35. விராலிமலை. மலைமேல் கோயிலுக்கு ஏறுகிற கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. கீழே ஒரு மயில் பஸ் ஹாரனைச் சட்டை பண்ணாமல் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. டீ பன்னிரண்டு ரூபாய், நல்ல டீ. குடித்து முடிப்பதற்குள் ஒரு பைக் பக்கத்தில் வந்து நின்றது. முப்பத்தைந்து வயதுக்காரர், கொஞ்சம் தொப்பை.

"சார், ஆரோக்கியமேரி அக்கா அனுப்புனாங்க. ஏறுங்க சார்."

"தம்பி பேரு?"

"ஜெயராஜ். என்னைய நெனவில்லையா சார்? ஏழாம் நம்பர்."

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது ஊரில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்கிறாராம். பைக் மீட்டரைப் பார்த்துக்கொண்டேன். ஆவூர் வரை பன்னிரண்டு கிலோமீட்டர். நேற்றைய மழையில் செம்மண் நனைந்து கிடந்தது. கடலைக் கொல்லைகளில் அந்த நேரத்துக்கே பெண்கள் இறங்கியிருந்தார்கள். தூரத்தில் கோயில் கோபுரம் தெரிந்தது. ஆவூரில் கோயில் என்றால் மாதா கோயில்தான். பாதி வழி போயிருப்போம். ஜெயராஜ் தலையைத் திருப்பாமல் சொன்னார்:

"அந்தக் கோலு அடிச்சப்ப அண்ணன் ஓடியாந்து என்னையத் தோள்ல தூக்கிட்டாரு சார். நீங்க இல்லன்னு ஊதுன பொறவும் எறக்கல. அப்புடியே மைதானத்தச் சுத்தி வந்தாரு."

8.15. அண்ணன் வீடு. ஓட்டு வீடு, முன்னால் தகரம் போட்ட மாட்டுக் கொட்டகை. நான் செருப்பைக் கழற்றும்போது கொட்டகையிலிருந்து ஒரு பெண் குரல்: "ஏ கோலு! அங்கிட்டுப் போ! மிதிக்காத!"

திடுக்கிட்டு நின்றேன். சாணிக் கூடையோடு வெளியே வந்த ஆரோக்கியமேரி அண்ணி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"மாட்டுப் பேரு சார். அந்த ஆட்டம் நடந்த வாரம் ஒரு கன்னுக்குட்டி பொறந்துச்சு. கோலுன்னு வெச்சுட்டாக. இது அதோட மக வயித்துக் கன்னு. இதுக்கும் அதே பேருதான். ரெப்ரி குடுக்கலன்னா என்ன, மாதா குடுத்துட்டாங்கன்னாக."

உள்ளே மாதா படத்துக்குப் பக்கத்தில் அவர் படம். ஆணியில் அந்தக் கறுப்புக் குடை. அண்ணி காபி கொடுத்தார். ஜெயராஜ் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். இனிமேல் தள்ளிப்போட்டால் வாய் வராது என்று நான் கருப்பையாவையும் கொடியையும் ஆட்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆட்டுக்கா? அட கடவுளே, ஆட்டுக்கா சார் ஊதுனீங்க?" சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழுதார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊரே சொல்லுச்சு சார், இந்தாளுக்குப் பைத்தியம்னு. நானே சொல்லியிருக்கேன், போதும் விடுங்கன்னு. இதக் கேட்டிருந்தா இந்நேரம் ஊர ரெண்டு தடவ சுத்தி வந்திருப்பாக" என்றார். "நீங்க வந்து எங்கிட்ட சொல்லி என்ன சார்? பூசை முடிஞ்சு கல்லறைக்குப் போவோம். அவுககிட்ட சொல்லுங்க."

சொல்கிறேன் அண்ணி என்றேன். நெஞ்சு லேசானது. நிலைப்படியைப் பார்த்தேன். ஜெயராஜைக் காணோம்.

9.00. பூசை சரியாக ஒன்பதுக்குத் தொடங்கியது, எனக்குப் பிடித்திருந்தது. பழைய கோயில், தடித்த சுவர், உள்ளே வெயில் தெரியாத குளிர்ச்சி. யாருக்காக இந்தப் பூசை என்று சாமியார் அண்ணன் பேரை வாசித்தபோது பின் வரிசையில் ஆவூர் டீம் மொத்தமும் மஞ்சள் பனியனோடு எழுந்து நின்றது. அதில் பாதிப்பேர் அந்த ஃபைனலின்போது பால்வாடியில் இருந்திருப்பார்கள்.

10.20. கோயில் வாசலில் மெழுகுவத்தி வாங்கினேன், பாக்கெட் இருபது ரூபாய். சம்பங்கி மாலை எண்பது. சில்லறைக்காக நின்றபோது ஜெயராஜ் என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். முகம் வெளிறியிருந்தது.

"சார், கல்லறையில போயி அது கோலுன்னு சொல்லாதீங்க சார்."

"ஏம்ப்பா?"

இடது கையை நீட்டி மணிக்கட்டுக்கு மேலே தொட்டுக் காட்டினார். "பந்து இங்க பட்டுச்சு சார். தலையில படல. கையிலதான் பட்டுப் போச்சு. கூட்டத்துல யாருக்கும் தெரியல. நீங்க ஊதுனது சரிதான் சார்."

பதினைந்து நாளாக என்னை அரித்துத் தின்ற தப்பு, தப்பே இல்லை. ஆட்டுக்கு ஊதியிருந்தாலும் சரியாகத்தான் ஊதியிருக்கிறேன்! அந்தப் பாழும் சந்தோஷம் எனக்கு வரத்தான் செய்தது, மறைக்கவில்லை. ஆனால் எதிரே நின்றவர் கண் கலங்கி நின்றார்.

"அண்ணன்கிட்ட சொல்லலையா நீ?"

"சிங்கப்பூர் போறதுக்கு முந்துன நாள் சொல்லத்தான் போனேன் சார். 'அண்ணே, அந்தக் கோலு இருக்குல்ல...'ன்னு ஆரம்பிச்சேன். அவரு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. இதே கைய. 'கவலப்படாதடா, அந்த ரெப்ரி நல்ல மனுசன். ஒரு நாளைக்கி அவரே வந்து ஒத்துக்குவாரு பாரு'ன்னாரு. அதுக்கு மேல என்னத்தச் சார் சொல்ல?"

நல்ல மனுஷனாம். கார்னர் கொடியில் நின்று அத்தனை வருஷம் என் ஏழு தலைமுறையையும் இழுத்தவர், என்னைப் பற்றி மற்றவர்களிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார். அந்த வாசலில், அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

"சார், இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"வா, போவோம்" என்றேன்.

10.45. கல்லறைத் தோட்டம், கோயிலிலிருந்து பத்து நிமிஷ நடை. புது மண் இன்னும் மேடாகவே இருந்தது, மரச் சிலுவையில் பேர். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போன பிறகும் டீம் பையன்கள் கலையவில்லை. அண்ணி வீட்டிலிருந்து குடையைக் கொண்டுவந்திருந்தார். அதைத் தலைமாட்டில் ஊன்றினார். மெழுகுவத்தி ஏற்றி, மாலையைப் போட்டேன்.

"இப்பச் சொல்லுங்க சார்."

"அண்ணே..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஜெயராஜ் தலையைக் குனிந்துகொண்டு, அந்த இடது கையை வலது கையால் மூடியபடி நின்றார்.

அண்ணி மெதுவாகச் சொன்னார்: "வாயால சொன்னா அவுக நம்ப மாட்டாக சார். விசில் வெச்சிருக்கீங்களா?"

சட்டைப் பையில் கை வைத்தேன். இருந்தது. சிலுவைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன். மணி பார்த்தேன், 10.52. மூச்சை இழுத்து நீளமாக ஊதினேன். புளியமரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. வெளியே போய்க்கொண்டிருந்த கோயில் உபதேசியார் திரும்பி ஓடிவந்தார். வலது கையை நீட்டி, நடு மைதானம் இருக்கும் திசை இதுதானா என்று கூடத் தெரியாமல், கோல் என்று காட்டினேன்.

மஞ்சள் பனியன்கள் கத்தின பாருங்கள், ஆவூரே கேட்டிருக்கும். அண்ணி குனிந்து அந்த மண்ணைத் தட்டி, "கேட்டுச்சா? குடுத்துட்டாரு" என்றார். உபதேசியாரிடம் ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை.

12.10. விராலிமலையில் என்னை இறக்கிவிட்ட ஜெயராஜ் பைக்கை அணைக்காமல் நின்றார். மதிய வெயில் தார் ரோட்டில் காய்ந்தது. திருச்சி பஸ் வந்து நின்றது.

"சார், இன்னிக்கி நீங்க ஊதுனது தப்பான முடிவுதான சார்?"

"ரெஃப்ரி ஊதினா ஊதினதுதான் தம்பி" என்றேன். அவர் சிரிக்கப் பார்த்து, முடியாமல், என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுத்ததும் ஏறினேன். போகும்போது கொடுத்த அதே முப்பத்தைந்து ரூபாய்.

ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷத்தில் தெரியாமல் தப்பாக ஊதியது எத்தனையோ இருக்கும். தெரிந்தே தப்பாக ஊதியது ஒன்றே ஒன்று. அது ஆவூரில், இன்று காலை 10.52-க்கு. யார் வந்து கேட்டாலும் அதை மாற்ற மாட்டேன்.