சொல்லாமல் போன நேர்முகங்கள்

விமானம் ஓட்டுவதுகூடக் காலப்போக்கில் பழகிவிடும். ஒரு கொம்பனியின் விமானத்தை ஓட்டிக்கொண்டே இன்னொரு கொம்பனியில் வேலை கேட்கப் போவதுதான் எங்கள் தொழிலில் கடைசிவரை பழகாத வேலை.

நான் துணை விமானி. அதாவது வலப்பக்கக் கதிரையில் இருப்பவன். இடப்பக்கக் கதிரை கப்டினுக்கு. எங்கள் கொம்பனி சின்னது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் காற்றாடி பூட்டிய சின்ன விமானங்களை விடுகிறது. லீவு கிடைத்தால் கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊரான வட்டக்கச்சிக்கு வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவோடு வயலுக்குள் இறங்கிவிடுவேன். அந்த வயலுக்கு மேலே, எட்டாத உயரத்தில் வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டு பெரிய விமானங்கள் போகும். அதில் ஒன்றை ஓட்டவேண்டும் என்பது என் ஆசை.

ஆசைக்கு முன்னால் ஒரு விதி நின்றது. வேறு கொம்பனிக்கு நேர்முகத்துக்குப் போவதென்றால் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பது எங்கள் கொம்பனியின் சட்டம். அப்படி அறிவித்தவனைக் கப்டினாக்கமாட்டார்கள் என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். நானோ கப்டினாகும் வரிசையில் முதல் ஆளாக நின்றேன். வங்கியிலோ பாடசாலையிலோ புடைவைக்கடையிலோ வேலை செய்துகொண்டு, மேலதிகாரிக்குத் தெரியாமல் நல்ல சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வேறு இடத்துக்குப் போய் வந்தவர்களே, என் நிலைமை உங்களுக்கு விளங்கும்.

காய்ச்சல் வேண்டாம்

முதல் நேர்முகம் கொழும்பில். லீவுக்கு என்ன காரணம் சொல்வது? என்னோடு வேலை செய்யும் இன்னொரு துணை விமானி ரிஸ்வானிடம் கேட்டேன். அவன் முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்றுக்காரன். மற்றத் தொழில்களில் காய்ச்சல் என்று சொல்லித் தப்பலாம். எங்கள் தொழிலில் சுகமில்லை என்று சொன்னவன், டொக்டர் பார்த்துச் சரி சொல்லும்வரை விமானத்தைத் தொடமுடியாது. “உடம்பு விசயத்திலை மட்டும் பொய் சொல்லாதை மச்சான். வேறை எதிலை வேணுமெண்டாலும் சொல்லு” என்றான் ரிஸ்வான்.

எங்கள் பிரதம விமானி கப்டின் தேவராஜா வவுனியாக்காரர். லீவு குடுப்பதும் மறுப்பதும் அவர் கையில். “என்ன அலுவல்?” என்று கேட்டார். வீட்டு அலுவல் என்றேன். “வீட்டிலை என்ன அலுவல்?” என்றார். வாய்க்கு வந்தபடி, பொம்பிளை பார்க்கப் போகிறோம் என்றேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேட்டதற்கு மேலே ஒரு நாள் கூட்டியே தந்தார்.

திரும்பி வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “எப்பிடி, அவை என்ன சொன்னவை?” நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன்: என் படிப்பை விசாரித்தார்கள், அனுபவத்தை விசாரித்தார்கள், பிறகு அறிவிக்கிறோம் என்றார்கள். அவர் என் தோளில் கையை வைத்தார். “அப்ப அந்த இடத்தை மறந்திடும் தம்பி. பிறகு அறிவிக்கிறம் எண்டவை ஒருநாளும் அறிவிக்கிறேல்லை.”

தெரியாத இருவர்

அடுத்தது வேறொரு கொம்பனி. கொழும்பு ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில் ஆள்களை இருத்தியிருந்தார்கள். உள்ளே போனால், முன்வரிசையில் எங்கள் கப்டின் ஜயசிங்க இருக்கிறார். முதல்நாள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது, இந்தக் காலத்துப் பெடியளுக்கு விசுவாசம் என்றால் என்னவென்று தெரியாது என்று எனக்கு வகுப்பு எடுத்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் சுவரைப் பார்த்தோம். இப்படியான இடத்தில் சந்தித்தவர்கள் சந்திக்கவில்லை என்பது எங்கள் தொழிலின் முதல் மரியாதை.

ஆனால் எங்கள் இருவரையும் ஒரே குழுவில் போட்டுவிட்டார்கள். குழுவாகப் பேசத் தந்த கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் சக விமானி ஒருவர் கொம்பனிக்குச் சொல்லாமல் வேறு இடத்துக்கு நேர்முகத்துக்குப் போகிறார் என்று தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? கப்டின் ஜயசிங்க மேசையில் தட்டி, உடனே மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டும் என்றார். அது அவரவர் சொந்த விசயம் என்று நான் வாதாடினேன். அவர் சூடானார். நானும் விடவில்லை. மற்றவர்கள் வாயைத் திறக்கவே இடம் கிடைக்கவில்லை.

முடிந்ததும், நேர்முகம் நடத்தியவர் எங்கள் இருவருக்கும் முன்பே அறிமுகம் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லவே இல்லை என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம். எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே கொம்பனியின் பெயர் போட்ட பேனையால் எழுதுவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.”

பிள்ளையாருக்குச் சொன்னது

மூன்றாவதாக, வளைகுடாவில் ஒரு பெரிய கொம்பனி கணினி வழியாக என்னோடு பேசச் சம்மதித்தது. வீட்டில் இருந்தே பேசலாம். இந்த முறை ரிஸ்வானைத் தவிர ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். அங்கேதான் பிழை நடந்தது.

அன்றைக்குப் பிள்ளையார் கோயிலில் விசேசம். ஐயருக்குப் பக்கத்தில் ஒலிவாங்கி. அம்மா அர்ச்சனைத் தட்டை நீட்டி, பெயரும் நட்சத்திரமும் சொன்னா. அதோடு நிறுத்தவில்லை. “தம்பிக்கு வேறை பிளேன் கொம்பனியிலை இன்ரவியூ, ஐயா. நல்லபடி சரிவரவேணும்.” ஒலிபெருக்கி அதை வாய்க்கால் தாண்டிக் கொண்டுபோனது. ஐயரும் நல்ல மனிசன். கொம்பனியின் பெயர் என்னவென்று திருப்பிக் கேட்டார்.

கூட்டத்தில் யோகனும் நின்றான். கிளிநொச்சி ரவுனில் எங்கள் கொம்பனிக்கு ரிக்கெற் விற்கும் முகவர். அவன் ஒரு வார்த்தை சொன்னால் கொழும்பு வரை போய்விடும். அவன் என்னை விட்டுவிட்டு நேரே அம்மாவிடம் போய், மனம் நொந்த குரலில், “எங்கடை கொம்பனியிலை அவருக்கு என்ன குறை, அன்ரி?” என்று கேட்டான். அம்மா திருநீற்றைப் பூசிக்கொண்டே ஆறுதலாகச் சொன்னா: “ஒரு குறையும் இல்லை மோனை. பிளேன்தான் சின்னன்.”

பழைய இடத்தைப் பழிக்காதே

வீட்டில் சிக்னல் ஒழுங்காக வருவது வயல்பக்க அறையில்தான். ரை கட்டி, முடி வாரி, அங்கே போய் இருந்தேன். திரையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும். அவர்கள் முதல் கேள்வியை முடிக்கமுன் வெளியில் மயில்கள் தொடங்கிவிட்டன. அறுவடைக்கு நிற்கும் வயல் என்றால் வன்னி மயில்களுக்குத் திருவிழா. அந்தப் பெண் திடுக்கிட்டு, அது என்ன எச்சரிக்கை ஒலி, வெளியேற வேண்டுமா என்று கேட்டா. மயில் என்றேன். நம்பாமல் எதையோ எழுதினா.

பிறகு கேட்டார்கள், இப்போதிருக்கும் கொம்பனியை ஏன் விட்டுவரப் பார்க்கிறீர்கள் என்று. இந்தக் கேள்விக்குப் பழைய இடத்தைக் குறைசொன்னவன் தொலைந்தான் என்று எல்லோரும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆகவே நான் புகழத் தொடங்கினேன். பராமரிப்பு திறம் என்றேன். பிரதம விமானி தகப்பனைப்போல என்றேன். வேலை நேரம் நீதியானது, சக விமானிகள் சகோதரர்கள், தேத்தண்ணிகூட நல்லது என்றேன். நிறுத்தத் தெரியவில்லை. அதுவரை வாய் திறக்காமலிருந்த அந்த ஆண் மெல்ல முன்னால் குனிந்தார். “அங்கே ஆள் எடுக்கிறார்களா என்று எங்கள் இருவருக்கும் ஒருக்கால் கேட்டுச் சொல்லமுடியுமா?”

சலுகை ரிக்கெற்

புகழ்ந்தது வேலை செய்தது. சிமுலேற்றர் என்ற போலி விமானத்தில் இருத்திப் பரீட்சை வைக்க வளைகுடாவுக்கு வரச்சொன்னார்கள். எங்கள் கொம்பனி ஊழியர்களுக்கு வேறு கொம்பனி விமானங்களில் வெளிநாடு போகச் சலுகை உண்டு. யோகனுக்குத்தான் விசயம் தெரியுமே என்று அவனுடைய கடைக்குப் போய், அந்தச் சலுகையில் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தான். “அண்ணை, நான் வாய் திறக்கமாட்டன். ஆனால் காசைக் குடுத்து முழு ரிக்கெற் எடுங்கோ. இது மாமனார் வாங்கித் தந்த மோட்டச்சைக்கிளிலை ரெண்டாம் தாரம் பாக்கப் போற மாதிரி.”

கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணி

பரீட்சை சரிவந்தது. வேலையும் கிடைத்தது. ஆனால் புதுக் கொம்பனி என்னைப் பற்றிப் பழைய கொம்பனியிடம் விசாரிக்கும். அந்த விசாரணை போய்ச் சேரமுன் நான் போய்ச் சேரவேண்டும். கப்டின் தேவராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். காரில் யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருக்கிறாராம், கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு நிற்பாராம், அங்கே வரச் சொன்னார்.

கண்டி வீதியோரக் கடையில் அவர் வடையைப் பிய்த்துக்கொண்டிருக்க, நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பொம்பிளை பார்க்கப் போகாததையும் சேர்த்து. அவர் வடையை வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, “உம்மைக் கப்டினாக்கச் சொல்லிப் போன கிழமைதான் மேலை எழுதினனான்” என்றார். கோபித்தாலாவது பரவாயில்லை என்றிருந்தது. எழுத்தில் அறிவிக்காததற்கு மன்னிக்கவேண்டும் என்றேன்.

“ஆர் அறிவிச்சவை? நான் வந்த நாளிலையிருந்து ஒருத்தரும் அறிவிச்சதில்லை. சட்டம் புதுசு கலையாமல் அப்பிடியே இருக்கு” என்றார். அப்படியென்றால் நான் என்ன செய்யட்டும், நிற்கட்டோ போகட்டோ என்று கேட்டேன். அவர் எழும்பிக் கை கழுவினார். வாயைத் துடைத்தார். “நானும் உம்மடை வயசிலை சொல்லாமல் கொள்ளாமல் எத்தினை இடத்துக்குப் போனனான் தெரியுமோ? ஒருத்தன் எடுத்திருந்தாலும், இண்டைக்கு இஞ்சை இருந்து உமக்கு லீவு குடுத்துக்கொண்டிருக்கமாட்டன்.”

ரிஸ்வானின் கலியாணம்

மூன்று மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகல் எழுதினேன். எல்லாம் மரியாதையாக முடிந்தது என்று நினைத்திருக்கும்போதுதான் கடமை அட்டவணை வந்தது. நான் போவதால் ஆள் காணாது. புது ஆள் வரும்வரை எல்லோருடைய லீவும் நிறுத்தம். அதில், நான் போனபின் வரவிருந்த ரிஸ்வானின் கலியாண லீவும் போயிருந்தது. இடம்பெயர்ந்து புத்தளத்தில் கிடந்து, திரும்பி வந்து வீடு கட்டிய குடும்பம் அது. சொந்த ஊருக்கு வந்தபின் அவர்கள் வீட்டில் நடக்கும் முதல் கலியாணம். நான் ரிஸ்வானிடம் கேட்டபோது, “பாப்பம் மச்சான், கலியாண நாளை மாத்தலாம்” என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

நான் நின்று அவனுடைய இடத்தில் பறந்தால் அவனுக்கு லீவு கிடைக்கும். புதுக் கொம்பனிக்கு எழுதி, சேரும் நாளைக் கொஞ்சம் தள்ளமுடியுமா என்று கேட்டேன். தள்ளமுடியாது, வேண்டுமென்றால் அடுத்த குழுவோடு சேரலாம் என்று பதில் வந்தது. வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விசயம். எங்கள் தொழிலில் எல்லாமே சேர்ந்த வரிசைப்படி, அதாவது சீனியோரிற்றிப்படிதான்; முதல் குழுவில் சேர்ந்தவன், லீவிலிருந்து கப்டின் பதவி வரைக்கும், வாழ்நாள் முழுவதும் எனக்கு மூத்தவன். வயல் வரம்பில் நடந்து நடந்து யோசித்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, “பிளேன் அங்கைதானே நிக்கும்” என்றார். அடுத்த குழு என்று எழுதிவிட்டேன்.

கலியாணத்தன்று ரிஸ்வானின் இடத்தில் நான் பறந்தேன். மறுநாள் தண்ணீரூற்றில் மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் வலீமா விருந்து. பந்தலுக்குள் ஊரே இருந்தது. மாப்பிள்ளை என்னைத் தன் பக்கத்தில் இருத்தி, பலர் சேர்ந்து சாப்பிடும் சகன் தட்டில் இறைச்சியைத் தள்ளித் தள்ளி வைத்தான். கண் கலங்கியிருந்தது; வாய் மட்டும் பழைய வாய்தான். “எல்லாரும் பானையும் சட்டியும் தந்தவங்கள் மச்சான். சீனியோரிற்றியைத் தந்தது நீ ஒருத்தன்தான்.”

மேசைக்கு மற்றப் பக்கம்

அடுத்த குழு தொடங்கும்வரை பழைய கொம்பனியிலேயே நின்றேன். என் இடத்துக்கு ஆள் எடுக்க நேர்முகம் வைத்தபோது, நேர்முகக் குழுவில் ஓர் ஆள் குறைகிறது என்று கப்டின் தேவராஜா என்னையும் பிடித்து இருத்திவிட்டார். வந்தவன் வேறொரு சின்னக் கொம்பனியின் துணை விமானி. கழுத்தடியில் வியர்வை. பெயரைக் கேட்கமுன்னமே, தன் கொம்பனிக்குத் தெரியவேண்டாம் என்று கெஞ்சினான். பழைய இடத்தை ஏன் விடுகிறீர் என்று நான்தான் கேட்கவேண்டியிருந்தது. அவன் அதைப் புகழத் தொடங்கினான். பாவம், நான் இடையில் நிறுத்திவிட்டேன்.

கடைசியில், உமக்கு ஏதும் கேட்க இருக்கிறதா என்று கப்டின் கேட்டார். இங்கே வேலைக்கு வந்தவர்கள் நெடுநாள் நிற்பார்களா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் மேசையைப் பார்த்தேன். கப்டின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கையை நீட்டி என்னைக் காட்டினார். “இந்தத் தம்பியைப் பாருமன். போகவேண்டிய நாள் தாண்டியும் இருக்கிறார்.”

ஆகமொத்தம், எங்கள் தொழிலில் விசுவாசம் என்பது, அடுத்த கொம்பனி கூப்பிடும்வரை இந்தக் கொம்பனியின் விமானத்தைப் பத்திரமாக இறக்கிவைப்பதுதான்.