இடது பக்கக் கண்ணாடி

என் மனுசன் செத்து ஏழாவது வாரம் கார் கொதிக்கத் தொடங்கியது. லண்டன் வால்தம்ஸ்டோவில் சாமான் வாங்கித் திரும்பும்போது ஊசி சிவப்புக் கோட்டுக்கு ஏறிவிட்டது. வாசலில் நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறியபிறகு தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்தேன். பாதித் தண்ணீரைக் காணவில்லை. நிரப்பினேன். இரண்டு நாளில் மறுபடியும் குறைந்தது. நிலத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்கு விசர் பிடித்தது.

சனிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் கார் உடைக்கிற இடத்துக்குத்தான் என்று மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கென்ன, வாயால் சொல்லிவிடலாம். கடைசி நாலு மாதமும் இவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியது இந்தக் கார்தான். இடது சீட்டில் இருந்து, பக்கக் கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றிச் சாய்வார். கண்ணாடியில் கை வைக்கவேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் ஏசுவேன். ஆள் கேட்டால்தானே.

வியாழன் காலை கார்க் கதவைத் திறந்தேன். சீனிப்பாகு காய்ச்சினதுபோல ஒரு வாசம். கண்ணாடிகளெல்லாம் உட்பக்கம் வெள்ளையாக மங்கிக் கிடந்தன. இடது பக்கத்தில் ஒரு கை. ஐந்து விரலும் தெளிவாக, சின்னவிரல் கொஞ்சம் வளைந்தபடி, இவருடையது மாதிரியே. செத்தவீட்டுக்கு அடுத்த நாள் நானே துடைத்த கண்ணாடி அது. வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டேன்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும், டாக்ஸி ஓடுகிற அண்ணையைக் கூப்பிட்டேன். அந்தக் கைத்தடத்தைப் பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை. அவர் இடது சீட்டின் காலடி விரிப்பைத் தொட்டுப் பார்த்தார், ஊறிப்போயிருந்தது. எஞ்சின் தண்ணீர் ஹீட்டர் வழியாக உள்ளே ஒழுகுகிறதாம். அதன் ஆவிதானாம் கண்ணாடியில் படிகிறது. ஹீட்டருக்குப் போகிற இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் கார் ஓடும், உள்ளே சூடு மட்டும் வராது என்றார்.

"பிறகு இந்த ஆவியும் வராது, தங்கச்சி."

இணைக்காவிட்டால் காரே போய்விடும். இணைத்தால் கை போய்விடும். செய்யுங்கோ என்றேன்.

வெள்ளிக்கிழமை இணைத்து, தண்ணீர் நிரப்பி, முக்கால் மணிநேரம் எஞ்சினை ஓடவிட்டோம். ஊசி நடுவைத் தாண்டவில்லை. கண்ணாடிகள் காய்ந்து தெளிந்தன. இடது பக்கத்தில் ஒன்றுமில்லை. அண்ணை போனபிறகு குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன்.

சனி காலை, மகள் வருமுன், போய்க் காருக்குள் இருந்தேன். சரியான குளிர். என் மூச்சே கண்ணாடிகளில் மெல்லப் படர்ந்தது. இடது பக்கத்தில் முதலில் சின்னவிரல் வந்தது. பிறகு மற்ற நாலும்.

இந்தமுறை நான் ஓடவில்லை.

"இருக்கட்டும்," என்றேன். "கையை எடுக்காதேங்கோ."